யாரைப் பற்றிச் சொல்கிறார்?

எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகிற வனாந்தரப் பாதையில் எத்தியோப்பிய அதிகாரி ஒருவர் தேரில் இருந்தபடி புத்தகம் வாசித்துக்கொண்டு போகிறார். கையில் இருப்பது ஏசாயா என்ற யூதத் தீர்க்கதரிசியின் புத்தகம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் துன்பத்தைச் சுமந்த ஒருவரைப் பற்றிய இடம் அது. பிலிப்பு என்ற கிறிஸ்தவர் ஓடிவந்து, வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறார். எத்தியோப்பியர் பதிலுக்கு ஒன்று கேட்கிறார்: எழுதியவர் இங்கே தன்னைப் பற்றிச் சொல்கிறாரா, வேறு யாரையாவது பற்றியா? அப்போஸ்தலர் நடபடிகளின் எட்டாம் அதிகாரத்தில் இந்தக் கதை வருகிறது. பிலிப்பு சொன்ன பதில், இயேசு. அவருக்குப் பின் வந்த கிறிஸ்தவ மரபும் ஏறக்குறைய அந்தப் பதிலையே சொல்லிவந்திருக்கிறது. என் மனதில் நின்றது கேள்விதான்.

நான் கிறிஸ்தவனல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். வட்டுக்கோட்டைப் பக்கத்துச் சைவக் குடும்பம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கினேன். ஏ9 பாதை மூடிக்கிடந்த காலம் அது. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமற்போனார்கள். இரண்டாம் வருடத்தோடு படிப்பு நின்றது. 2012இல் படகேறி இங்கே வந்தேன். இப்போது சிட்னியில், ஸ்ட்ராத்பீல்ட் ரயில் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு கொரிய உணவகத்தின் குசினியில் வேலை. பகலில் வெங்காயமும் முள்ளங்கியும் வெட்டுவேன். இரவில் இறைச்சி சுட்ட தட்டுகளைத் தேய்த்துக் கழுவுவேன். ஸ்ட்ராத்பீல்டை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கடைப் பலகைகளில் எங்கும் கொரிய எழுத்துத்தான். பக்கத்து ஹோம்புஷில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. இரண்டு நாட்டு அகதி நினைவுகளும் ஒரே தண்டவாளத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன.

எங்கள் குசினியில் மூத்தவர் ஒரு கொரிய அம்மா. பின்னேரம் மூன்று மணிக்கு ஆட்கள் குறைந்ததும் அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு வேதப்புத்தகத்தைத் திறப்பார். எனக்குக் கொரிய மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. ஆனால் மோசே என்ற பெயர் இருவருக்கும் விளங்கும். ஒருநாள் யாத்திராகமத்தைக் காட்டி, எகிப்தும் யப்பானும் ஒன்றுதான் என்றார். 1910 முதல் 1945 வரை யப்பானின் கீழ் இருந்த கொரியக் கிறிஸ்தவர்கள் அந்தக் கதையைத் தங்கள் கதையாகவே வாசித்தார்கள். அவருடைய தகப்பன் அப்படிச் சொல்லிக் கொடுத்தாராம். நான் தலையாட்டினேன். எங்கள் ஊரிலும் எத்தனை மேடைகளில் யூதரின் அலைவைத் தமிழரின் அலைவுக்கு உவமை சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பழைய நூலைத் தன் காலத்துக்கு இழுத்து வாசிப்பது அகதிகளின் பழக்கம். ஆனால் கிறிஸ்தவம் செய்தது அதைவிடக் கொஞ்சம் கூட. யூதரின் வேதத்தை அது ‘பழைய ஏற்பாடு’ என்று தன் புத்தகத்தின் முதற்பாதியாக வைத்துக்கொண்டது. அதிலுள்ள ஆட்டுக்குட்டி, பலிபீடம், ஆசாரியன், அரசன் எல்லாம் வரப்போகிற மேசியாவின் நிழல் என்றது. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தில் இந்த ‘நிழல்’ என்ற சொல்லே வருகிறது. நிழல் என்றால் பொருள் வேறெங்கோ நிற்கிறது என்று அர்த்தம். பொருள் வந்துவிட்டால் நிழலுக்கு என்ன மதிப்பு?

ஒரு உதாரணம். ஏசாயா ஏழாம் அதிகாரத்தில் ஒரு பெண் கர்ப்பமாகி மகனைப் பெறுவாள், அவனுக்கு இம்மானுவேல் என்று பெயரிடுவாள் என்று வருகிறது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் முந்திய சங்கதி. யூதாவின் அரசன் ஆகாஸ் இரண்டு பகை அரசர்களுக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருக்கிறான். தீர்க்கதரிசி அவனுக்கு ஒரு தவணை சொல்கிறார்: இந்தப் பிள்ளைக்கு நன்மை தீமை தெரிகிற வயது வருமுன் அந்த இரண்டு நாடுகளும் பாழாகும். ஆகாசுக்குச் சொன்ன அடையாளம் ஆகாசின் காலத்தில் பலிக்கவேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு அதனால் என்ன பயன்? எபிரேயத்தில் அந்தப் பெண்ணைக் குறிக்கும் சொல் ‘அல்மா’. கலியாண வயதில் உள்ள இளம்பெண் என்று பொருள். கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் யூத வேதம் கிரேக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டபோது அங்கே ‘பார்த்தெனோஸ்’ என்ற சொல் விழுந்தது. ஆண் தொடர்பில்லாத கன்னி என்பது அதன் வழமையான பொருள். மத்தேயு கிரேக்கத்தை எடுத்து, மரியாளின் கதையில் அது நிறைவேறியது என்று எழுதினார்.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கிரேக்க மொழிபெயர்ப்பு அலெக்சாந்திரியாவில் குடியிருந்த யூதர்களுக்காக உண்டானது. எபிரேயம் வாசிக்கமாட்டாத புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு வேதத்தைக் கொடுக்க அவர்கள் செய்த வேலை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இது விளங்கும். தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் ‘கன்னிகை’ என்று இருக்கிறது. கன்னி என்றால் எங்களுக்கும் இரண்டு அர்த்தமும் உண்டு, ஆகவே தமிழில் சண்டை வரவில்லை. ஆங்கிலத்தில் 1952இல் வெளியான திருத்திய வேதாகமம் ‘இளம்பெண்’ என்று போட்டதற்கு அமெரிக்காவில் ஒரு போதகர் அந்தப் பக்கத்தைக் கொளுத்தினார்.

மத்தேயுவின் இரண்டாம் அதிகாரம் இன்னும் கிட்ட வருகிறது, ஏனென்றால் அது அகதிக் கதை. ஏரோது குழந்தைகளைக் கொல்லப்போகிறான் என்று அறிந்து யோசேப்பு இரவோடிரவாக மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார். ஏரோது செத்தபிறகு திரும்புகிறார்கள். இங்கே மத்தேயு, மகனை எகிப்திலிருந்து வரவழைத்தது பற்றிய ஓசியாவின் வசனம் நிறைவேறியது என்கிறார். ஓசியாவைத் திறந்து பார்த்தால், அந்த ‘மகன்’ அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட இஸ்ரவேல் சனம். பழசை நினைத்துக் கடவுள் மனம் வருந்துகிற இடம். வரப்போவதைப் பற்றி அங்கே பேச்சில்லை. அடுத்து, பெத்லகேமில் குழந்தைகள் கொல்லப்பட்டதும் மத்தேயு எரேமியாவை எடுக்கிறார்: ராமாவில் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், அவளைத் தேற்ற முடியவில்லை.

இந்த வசனத்தை நான் முதலில் கேட்டது ஹோம்புஷில் ஒரு வீட்டுச் செபக்கூட்டத்தில். என்னோடு அறை வாடகைக்கு இருக்கிற நண்பன் கூப்பிட்டுப் போனேன். முடிவில் சோறும் கறியும் இருக்கும் என்பதும் ஒரு காரணம். அது மார்கழி மாதம். பாஸ்ரர் ஏரோதின் கதையைச் சொல்லி, எரேமியாவின் தீர்க்கதரிசனம் எப்படிச் சொல்லுக்குச் சொல் நிறைவேறியது என்று விளக்கினார். பின்னுக்கு இருந்த ஒரு அக்கா கையை உயர்த்தினார். வன்னியிலிருந்து வந்தவர். 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலில் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவர்.

“பாஸ்ரர், அந்தத் தாய் தன்ரை பிள்ளையளுக்குத்தானே அழுதவ? பிறகேன் அதை வேறை ஆக்களின்ரை கதை எண்டினம்?”

“அக்கா, அது தீர்க்கதரிசனம். பின்னுக்கு நிறைவேறத்தான் எழுதினது.”

“அது சரி. அந்த முதல் தாயின்ரை பிள்ளையள் திரும்பி வந்தவையோ?”

பாஸ்ரர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பாட்டு ஒன்றைத் தொடங்கினார்.

அறைக்கு வந்து எரேமியா 31ஆம் அதிகாரத்தைத் தேடி வாசித்தேன். ராமா என்பது எருசலேமுக்கு வடக்கே உள்ள ஒரு ஊர். பாபிலோனியர் எருசலேமை அழித்தபின் சிறைபிடித்தவர்களை விலங்கிட்டு அங்கேதான் சேர்த்தார்கள். எரேமியாவும் அந்தக் கூட்டத்தில் விலங்கோடு நின்றதாக அதே புத்தகத்தின் 40ஆம் அதிகாரம் சொல்கிறது. ராமா ஒரு சோதனைச்சாவடி. எங்கள் வட்டுவாகலும் ஓமந்தையும் மாதிரி, இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் உன் பிள்ளை என்று பிரித்த இடம். எப்போதோ செத்துப்போன ராகேல் பாட்டி புதைகுழியிலிருந்து எழும்பி அழுகிறாள் என்று எழுதியிருக்கிறது. அதற்கு அடுத்த இரண்டு வசனங்களில் கடவுள் அவளுக்குப் பதில் சொல்கிறார்: அழுகையை நிறுத்து, பகைவரின் நாட்டிலிருந்து பிள்ளைகள் தங்கள் எல்லைக்குத் திரும்புவார்கள். மத்தேயு அந்தப் பதிலை எடுக்கவில்லை. அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெத்லகேமின் பிள்ளைகள் செத்துவிட்டார்கள், திரும்பமாட்டார்கள். அவருக்கு அழுகைதான் பொருந்தியது.

அடுத்த கிழமை அந்த வசனங்களை அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். “இதை ஏன் தம்பி அண்டைக்கு வாசிக்கேல்லை?” என்றார். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி வீதியோரம் இருந்து போராடத் தொடங்கிய தாய்மாரின் கூட்டத்தில் அவருடைய தங்கையும் இருந்தவர். பிள்ளை திரும்பும் என்ற ஒரு வசனத்தில்தான் அவர்கள் உயிர் வாழ்கிறார்கள். அந்த வசனத்தை வெட்டிவிட்டு, உன் அழுகை வேறொரு பெரிய கதைக்கு முன்னோட்டம் என்றால் எந்தத் தாய் ஏற்பாள்?

மத்தேயுவுக்கு நியாயமும் சொல்லவேண்டும். அவரை ஒரு யூதராகவே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முதற் கிறிஸ்தவர்கள் யூதர்கள்தான். அவர்களிடம் இருந்த வேதம் அது ஒன்றுதான். கோயில் கி.பி. 70இல் எரிந்தபின், நடந்ததை விளங்கிக்கொள்ளத் தங்கள் முன்னோரின் சொற்களைத் தேடினார்கள். சாக்கடலோரம் கும்ரான் குகைகளில் 1947 முதல் கிடைத்த சுருள்களில் வேறொரு யூதக் கூட்டம் ஆபகூக் என்ற தீர்க்கதரிசியைத் தங்கள் காலத்துக்கே எழுதியவராக வாசித்திருக்கிறது. அதுவரை இது ஒரு வீட்டுக்குள் நடந்த வாக்குவாதம்.

வீட்டுக்கு வெளியே வந்தபோது நிலைமை மாறியது. கி.பி. 160 அளவில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ அறிஞர், திரிபோ என்ற யூதரோடு நடந்த உரையாடல் என்று ஒரு நூல் எழுதினார். அதில் திரிபோ தன்னை அறிமுகம் செய்யும்போதே, அண்மையில் நடந்த யுத்தத்திலிருந்து தப்பி கிரேக்க நாட்டில் வாழ்கிறேன் என்கிறார். எங்களைப் போல ஒரு யுத்த அகதி. ‘அல்மா’ என்றால் இளம்பெண், ஏசாயா சொன்னது எசேக்கியா அரசனைப் பற்றி என்று அவர் வாதிடுகிறார். யுஸ்தீன் அவருக்குச் சொல்வதன் சாரம்: இந்த வேதம் உங்களுடையதல்ல, எங்களுடையது, நீங்கள் வாசிக்கிறீர்கள், உங்களுக்கு விளங்கவில்லை. ஊரும் கோயிலும் போன ஒரு மனிதனிடம் மிஞ்சியிருந்தது புத்தகம். அதன் உறுதியையும் வேறு பெயருக்கு மாற்றி எழுதியாயிற்று. பிறகு அதிகாரமும் சேர்ந்தபோது வாதம் வாதமாக நிற்கவில்லை. 1242இல் பாரிசில் யூதரின் தல்மூத் ஏடுகள் வண்டி வண்டியாக எரிக்கப்பட்டன. 1263இல் பார்சிலோனாவில் அரசன் முன்னிலையில் மேசியாவைப் பற்றி வாதாடிய நாக்மனிதெஸ் என்ற யூத அறிஞர் சில வருடங்களில் நாட்டை விட்டே போகவேண்டி வந்தது. 1981இல் எரிந்த எங்கள் நூலகத்தை நினைக்காமல் இதை வாசிக்க முடியாது.

இந்த விவகாரம் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டோம். ஆறுமுக நாவலர் (1822–1879) வெஸ்லியன் மிசனரி பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளியானது. ஒரு சைவர் ஆதியாகமம் தொடங்கி வேதம் முழுவதையும் வரி வரியாகப் படிக்க நேர்ந்தது. பிறகு அவர் 1854இல் ‘சைவதூஷணபரிகாரம்’ எழுதினார். கைத்தொலைபேசியில் அதன் பக்கங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்து வாசித்தேன். மிசனரிமார் எங்கள் கோயிலையும் தீபதூபத்தையும் நைவேத்தியத்தையும் அஞ்ஞானம் என்று தூற்றினார்கள். நாவலரின் பதில்: உங்கள் வேதத்திலேயே கர்த்தர் ஆலயம் கட்டச் சொல்லியிருக்கிறார், விளக்கும் தூபமும் பலியும் விதித்திருக்கிறார், பிறகு எங்களை ஏன் ஏசுகிறீர்கள்?

கிறிஸ்தவர்களிடம் இதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருந்தது: அவை எல்லாம் நிழல், கிறிஸ்து வந்ததோடு முடிந்தன. அந்தப் பதிலுக்கு முன்னால் யூதரும் சைவரும் ஒரே வாங்கில் இருத்தப்பட்டார்கள். நாவலர் யூதருக்காக வழக்காடவில்லை, சைவத்துக்காக வழக்காடினார். ஆனாலும் இஸ்ரவேலின் வழிபாட்டை அவர் நிழலாகப் பார்க்கவில்லை. உண்மையில் மனிதர்கள் விளக்கேற்றிக் கும்பிட்ட ஒரு வழிபாடாகப் பார்த்தார். மேசியாவைத் தேடாமல் லேவியராகமத்தை வாசித்த முதல் யாழ்ப்பாணத்தவர்களில் அவர் ஒருவராக இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் எங்கள் நூல்களுக்கும் அதே வாசிப்பு வந்தது. வங்காளத்தில் கிருஷ்ணமோகன் பானர்ஜி 1875இல், வேதத்துப் பிரஜாபதியின் யாகம் கிறிஸ்துவின் பலிக்கு முன்னடையாளம் என்று எழுதினார். 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த போப், மயிலாப்பூரில் கிறிஸ்தவ போதனை வள்ளுவரின் காதில் விழுந்திருக்கலாம் என்று ஊகித்தார். பார்க்கர் 1913இல் எழுதிய நூலின் பெயரே ‘இந்து சமயத்தின் கிரீடம்’. கிரீடம் கிறிஸ்து. போப் தமிழை நேசித்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் வள்ளுவரின் வாயில் வேறொருவரின் சொல்லைத் தேடுகிறார்கள் என்று கேட்கும்போது எங்களுக்கு நெஞ்சுக்குள் ஒன்று சுருக்கென்கிறதே, அதைத்தான் ஏசாயாவைப் பற்றிக் கேட்கும் யூதன் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாக உணர்ந்துவருகிறான்.

ராமாவை வட்டுவாகல் என்று சொன்னேனே, நானும் மத்தேயு செய்ததைத்தான் செய்கிறேனா என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு வித்தியாசம் இருக்கிறது. எரேமியா எங்களுக்காக எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவர் தன் சனத்துக்காக அழுதார். அந்த அழுகையில் எங்களுக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஒரு வீட்டில் வந்தவனுக்குத் திண்ணையில் பாய் போடலாம். வீட்டுக்காரனை எழுப்பிவிட்டுப் படுக்கிறதுதான் கூடாது.

வீடு என்று சொல்லும்போது இன்னொன்றும் வருகிறது. நாங்களே இஸ்ரவேல் என்று வாசித்தால், அதே கதையில் வரும் கானானியர் யார்? நான் சொல்வது வேதத்து இஸ்ரவேலை, 1948இல் உண்டான அரசை அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் இருந்தவர்களுக்குச் சில மணி நேரம்தான் கொடுத்தார்கள். அப்போது எங்கள் விடுதலைக் கதைக்குள் அந்த மனிதர்களுக்கு ஒரு வசனம்கூட இருக்கவில்லை. முன்குறித்த முடிவை நோக்கியே வாசிக்கிறவர்களுக்கு நடுவில் நிற்கிற மனிதர் கண்ணில் படுவதில்லை.

திருச்சபையும் தன் வாசிப்பைத் திரும்பிப் பார்த்திருக்கிறது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், யூதரைக் கடவுளால் தள்ளப்பட்டவர்களாகக் காட்டக்கூடாது என்றது. 2001இல் வத்திக்கானின் விவிலிய ஆணைக்குழு, யூதர் தங்கள் வேதத்தை மேசியா வந்துவிட்டார் என்று கொள்ளாமல் வாசிப்பதும் ஏற்கக்கூடிய ஒரு வாசிப்பே என்று எழுதியது. யூத இனப்படுகொலைக்குப் பிறகு வந்த ஞானம். பிந்தி வந்தாலும் நல்லது.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், நானும் வாசிக்கப்பட்டவன். வந்து சில வருடங்களின் பின் ஒரு அறையில் வைத்து என் கதையைக் கேட்டார்கள். கூடப் படித்த நண்பனை எங்கே, எப்படிக் கொண்டுபோனார்கள் என்று சொன்னேன். அவனுடைய பெயர், சட்டையின் நிறம், கடைசியாகக் கன்ரீனில் குடித்த தேத்தண்ணி வரை சொன்னேன். பிறகு வந்த கடிதத்தில் அவன் ஒரு ‘சம்பவம்’ ஆகியிருந்தான். அப்படியான சம்பவங்கள் பொதுவாக எதைக் காட்டுகின்றன என்று இரண்டு பந்தி இருந்தது. அவனுடைய பெயர் இல்லை.

ஆகவே தமிழ்க் கிறிஸ்தவ நண்பர்களிடம் ஒரு சின்ன விண்ணப்பம். மேசியாவை நம்ப வேண்டாம் என்று சொல்ல நான் யார்? டிசெம்பர் 28இல் ஏரோது கொன்ற குழந்தைகளை நீங்கள் நினைவுகூருவீர்கள், மத்தேயு இரண்டாம் அதிகாரம் வாசிக்கப்படும். அன்று எரேமியாவையும் எடுத்து, ராகேலுக்குச் சொல்லப்பட்ட பதிலையும் உரத்து வாசியுங்கள். கூட்டத்தில் பின்னுக்கு ஒரு தாய் இருப்பார், அவருக்குக் கேட்கவேண்டும்.